ஆற்றின் மேல் போட்ட பழி

விடியற்காலையில் எங்கள் வீட்டுப் புறவாசல் குழாயைத் திறந்தால், இரண்டு முறை செருமிவிட்டுக் கடுங்காப்பி நிறத்தில் தண்ணீரைத் துப்பும். கூடவே ஈர இரும்பின் வாடை எழும்பி அடுக்களை வரைக்கும் வரும். முதல் வாளி வாழைக்கு, இரண்டாவது கக்கூஸுக்கு, மூன்றாவது வாளியில்தான் முகம் கழுவலாம் என்பது பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுச் சட்டம்.

"ஆத்துல புதுத்தண்ணி வந்திருக்குல்லா, அதான்" என்பார் அப்பா. ஐப்பசியில் அவர் அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். மலையில் மழை பெய்து தாமிரபரணி செம்மண் நிறத்தில் புரண்டு வரும் நாட்களில் ஊரில் எல்லார் வீட்டுக் குழாயும் கலங்கித்தான் வரும். குடத்துக்குள் படிகாரத்தை நாலு சுற்றுச் சுற்றி வைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் மண் அடியில் தங்கிவிடும். ஆனால் ஆறு மெலிந்து மணல் தெரியக் கிடக்கும் சித்திரையிலும் மனிதர் அதையேதான் சொன்னார்.

பக்கத்து வீட்டில் அதே நேரத்தில் தண்ணீர் பளிச்சென்று வந்தது. எங்கள் வீட்டிலும் மூன்று வாளி போனதும் தெளிந்துவிடும். கோளாறு ஆற்றில் இல்லை, தெருவிலிருந்து புறவாசல் வரை மண்ணுக்குள் கிடந்த எங்கள் இரும்புப் பைப்பில்தான், இரவெல்லாம் அதற்குள் தேங்கி நின்ற தண்ணீர்தான் துருவை அள்ளிக்கொண்டு வருகிறது என்பது எட்டு வயதில் எனக்கே தெரிந்திருந்தது.

சொல்லத்தான் கூடாது. அந்தப் பைப்பை அப்பா தன் கையாலேயே பதித்திருந்தார். அண்ணன் வயிற்றில் இருந்தபோது அம்மா தெருமுனை அடிபம்பிலிருந்து குடம் சுமந்து வருவதைப் பார்க்கப் பொறுக்காமல், கோர்ட்டில் குமாஸ்தாவாகப் பேனாவை மட்டுமே பிடித்துப் பழகிய மனிதர், கடப்பாரையைப் பிடித்து உள்ளங்கை கொப்பளிக்கப் பள்ளம் தோண்டினாராம். "அப்பா முன்னால கொழாயப் பத்தி எவளாவது வாயத் தொறந்தீங்க, பல்லப் பேத்துருவேன்" என்று என்னையும் அக்காவையும் அம்மா மிரட்டி வைத்திருந்தாள். பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் குழாய் வாயில் கட்டியிருந்தாள். அதில் சேரும் "செம்பொடி"யை அப்பா கண்ணில் படாமல் வாழை மூட்டில் உதறுவாள்.

அந்த வருஷம் மாதா கோவிலில் எனக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அம்மா இருபது நாள் உட்கார்ந்து தைத்த வெள்ளைக் கவுன், மூன்று அடுக்கு. கோவிலில் முன்வரிசையில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு நினைப்பே கிடையாது. முந்தின நாள் விடியற்காலையில் அம்மா பூ வாங்கப் போயிருந்தாள். புதுத்துணியின் கஞ்சி போகட்டும் என்று அப்பா, பாவம், ஒத்தாசை செய்கிற ஆசையில், துணிப்பையைக் கழற்றி வைத்துவிட்டு அரையிருட்டில் நிறம் தெரியாமல் முதல் வாளியிலேயே கவுனை முக்கிவிட்டார். எடுத்தால் மஞ்சள் திட்டு. மண்கறைதானே என்று பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார். மண்ணாக இருந்தால் போயிருக்கும். துருவானதால் திட்டுகள் ஆரஞ்சு நிறத்துக்கு ஏறிவிட்டன.

நான் புறவாசலில் விழுந்து புரண்டேன். "ஆத்துத் தண்ணி இல்ல! ஒங்க பைப்புதான் துருப்புடிச்சுப் போச்சு! எல்லாருக்கும் தெரியும், ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியாது!" என்று கத்தினேன். அப்பா நனைந்த கவுனைக் கையில் வைத்தபடியே நின்றார்.

பூவோடு வந்த அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கி, அப்பாவைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டாள். கவுனை நல்ல தண்ணீரில் அலசி, எலுமிச்சம்பழச் சாறும் உப்பும் தேய்த்துத் தேய்த்து வெயிலில் காயப்போட்டாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் போய்விட்டது, கீழ் விளிம்பில் ஒரு திட்டைத் தவிர. அதன் மேல் ஒரு லேஸ் பூவை வைத்துத் தைத்தாள். மறுநாள் முன்வரிசையில்தான் நின்றேன். அப்பா கடைசித் தூண் பக்கம் நின்றார்.

விருந்துச் சாப்பாடு முடிந்த கையோடு அப்பா கடப்பாரையை எடுத்தார். தோண்டிய பைப்பை இரும்பு அறுக்கும் வாளால் அறுத்துப் பார்த்தால், உள்ளே துரு அடைத்து என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. அந்தத் துண்டை அவர் அம்மாவிடம் நீட்டினார். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா, ஆத்துத் தண்ணி எப்படி அரிச்சிருக்குன்னு? நீங்க போட்ட பைப்பா இருக்கப் போயி இத்தன வருசம் தாங்கிச்சு."

அப்பா சிரித்துவிட்டார். இன்னும் கவுனைக் கழற்றாமல் நின்ற எனக்குத்தான் லேஸ் பூவை எங்கே மறைப்பது என்று தெரியவில்லை.

அந்த வீடு இப்போது இல்லை, வாழை இல்லை, அப்பாவும் போய் ஆறு வருஷமாகிறது. ஊரெல்லாம் பிளாஸ்டிக் பைப்பு. நானும் அம்மாவும் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆழ்குழாய்த் தண்ணீர்தான். அதற்கும் ஆற்றுக்கும் ஒரு ஒட்டும் உறவும் கிடையாது. போன வாரம் குழாயைத் திறந்தால் பழுப்பாக வந்தது. மாடித் தொட்டியைக் கழுவி நாளாகிவிட்டது, அடி வண்டல் இறங்குகிறது, வாட்ச்மேனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அம்மா பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"ஆத்துல புதுத்தண்ணி வந்திருக்கும்ட்டி."

"ஆமாம்மா," என்றேன். "மலையில நல்ல மழைல்லா."