கலியாணத்துக்கு மழை கொண்டுவரும் அரிசி

புது மூடையின் வாயைப் பிரித்ததும் எழும்பும் அந்த மணம், முதல் மழை விழுந்த மண்ணின் மணம் போலவே இருக்கும். ஏறாவூரில் எங்கள் வீட்டுக் குசினி மூலையில் சிவப்புப் பச்சையரிசி எப்போதும் ஒரு மூடை நிற்கும். பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு பிடி, வந்ததும் ஒரு பிடி என்று அள்ளி, கடைவாய்ப் பல்லில் வைத்து ‘நறுக்’கென்று கடித்து, அது மாவாகிப் பாலாகி நாக்கில் கரையும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். அதே அரிசியைச் சோறாக்கி வைத்தால் இரண்டு கவளத்துக்கு மேல் இறங்காது. மற்றப் பிள்ளைகள் ஐஸ்பழத்துக்கும் வறுத்த கச்சானுக்கும் அலைந்தபோது எனக்கு அந்த அரிசி போதுமாக இருந்தது.

இதில் எங்கள் வீட்டார் கண்ட ஒரே ஆபத்து என் கலியாணத்துக்குத்தான். “பச்சரிசி தின்னாத புள்ள, கலியாணத்தண்டு மழ கொட்டும், மாப்புள நனஞ்சி போவாரு” என்று பக்கத்து வளவிலிருந்த சாச்சி, உம்மாவின் தங்கை, வேலிக்கு மேலால் எச்சரித்துக்கொண்டே இருப்பார். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார் என்பதால், நனையப்போகும் அந்த முகம் தெரியாத மனிதருக்காக நான் கொஞ்சம் கவலைப்பட்டதும் உண்டு. ஆனாலும் அரிசியை விடவில்லை. உம்மா இதற்காக என்னைப் பெரிதாக ஏசியதில்லை. சுளகில் அரிசியைப் பரத்திக் கல் பொறுக்கும்போது உம்மாவின் வாயும் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். கேட்டால், “பழசா புதுசா எண்டு பல்லுலதான் தெரியும்” என்பார்.

அந்த வருஷம் நோன்பு முழுவதையும் பிடித்தே தீருவது என்று நான் மனதுக்குள் உறுதி எடுத்திருந்தேன். என் வயதுக்காரியான சாச்சியின் மகள் பர்ஹானா அதற்கு முந்திய வருஷமே ஒன்றும் விடாமல் பிடித்து முடித்து, பெருநாளன்று பெரிய மனுஷி மாதிரி நடந்து திரிந்தாள். நானோ முதல் நோன்பிலேயே மத்தியானம் ளுஹர் பாங்கு சொல்லுமுன் மயங்கி விழுந்து, முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பப்பட்டவள். அந்த வெட்கம் ஆறாமல் கிடந்தது. நோன்பு வரப் பல மாதம் இருக்கும்போதே பள்ளிக்கூடப் படி ஏறினால் நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. மத்தியானப் பாடத்தில் கண் சொருகியது. வகுப்பாசிரியை அதைச் ‘சோம்பல்’ என்றார், சாச்சி ‘கண்ணூறு’ என்றார். ஓதிய தண்ணீர் வந்தது, பக்தியோடு குடித்தேன்; மனது தெளிந்ததே தவிர, கால் தெளியவில்லை.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பரிசோதிக்க ஒரு லேடி டொக்டர் வந்தார். என் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தவர், உம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“ரத்தம் காணாது. பிள்ளை மண், சுண்ணாம்பு, அரிசி ஏதும் தின்னுறவவா?”

உம்மா சிரித்தேவிட்டார். “அரிசிதான் டொக்டர். கலியாணத்துக்கு மழ வரும் எண்டு பயங்காட்டியும் கேக்கிறாள் இல்ல.”

டொக்டர் சிரிக்கவில்லை. “ரத்தம் குறைஞ்ச உடம்பு சில நேரம் அப்படித்தான் கேக்கும்” என்றார். நான் குரலைத் திரட்டிக்கொண்டு நோன்பு பிடிக்கலாமா என்று கேட்டேன். “முதல்ல ரத்தம் ஏறட்டும் மகள், மறுகா பாப்பம். இப்படியே பிடிச்சா விழுந்திருவீங்க.” வீடு வரும்வரை அழுதேன். பர்ஹானா இரண்டாவது வருஷமும் பெரிய மனுஷியாகப்போகிறாள்!

டொக்டர் தந்த இரும்புக் குளிசைகளை உம்மா நம்பி ஒப்படைத்த அமானிதப் பொருள் போலப் பார்த்துக்கொண்டார். கொழும்பில் புடவைக் கடையில் வேலை செய்த வாப்பா, லீவில் வந்தால் இறைச்சிக் கடையில் ஈரல் வாங்கி வருவார். வேலி முருங்கை என் பெயரால் மொட்டையானது. மத்தியானச் சோறு தின்று கை கழுவியதும் குளிசை. அது நாக்கில் ஆணி போல் கைக்கும் என்பதால் உம்மா இஞ்சி தட்டி, சீனி கூடப் போட்டு, பால் விடாமல் நல்ல சாயமாக ஒரு வெறுந்தேத்தண்ணி ஊற்றித் தருவார். என் தொண்டை அசைந்து இறங்கும்வரை பக்கத்திலேயே இருப்பார். சோற்றுக்குப் பின்னால் தேத்தண்ணி இல்லாத வீடு எங்கள் தெருவில் ஏது? தொட்டிலை விட்டிறங்கிய பிள்ளைக்கும் ஒரு கோப்பை உண்டு.

மறுமுறை பார்த்தபோது என் இமை அப்படியே வெளிறித்தான் இருந்தது. டொக்டர் புருவத்தைச் சுருக்கி, “குளிசையை எங்கயும் எறியிறாவா?” என்று கேட்டார். உம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “அல்லாட காவல், நானே பக்கத்தில இருந்து தேத்தண்ணியோட குடுக்கிறன்.”

“தேத்தண்ணியோடயா?” என்று டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். குளிசையிலும் கீரையிலும் உள்ள இரும்பைத் தேயிலைச் சாயம் உடம்பில் சேரவிடாது என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார். “தேசிக்காய்ப் புளி இரும்பச் சேக்கும், அந்தத் தண்ணியோட குடுங்க. தேத்தண்ணிய நல்லாப் பிந்திக் குடிக்கலாம்.”

வரும் வழியிலேயே உம்மா ஒரு பை தேசிக்காய் வாங்கினார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “என்ட கையாலதானே ஊத்தித் தந்தன்” என்றார். எனக்கு உம்மாவைக் கட்டிப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது, பிடித்தேன்.

அன்றிலிருந்து உம்மாவும் சோற்றோடு தேத்தண்ணியை நிறுத்தினார். மணம் பட்டால் நான் கேட்பேன் என்றுதான். அது சின்னக் காரியமல்ல. எங்கள் வீட்டில் மீன் எங்களுக்கு, சட்டி அடியில் மிஞ்சிய ஆணம் உம்மாவுக்கு. எல்லோரும் எழும்பிய பிறகு அந்த ஆணத்தைச் சோற்றில் ஊற்றித் தின்றுவிட்டு, மிச்சப் பசியைத் தேத்தண்ணியால்தான் அவர் அடக்குவார். சில நாள் தலையிடியில் நெற்றியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை செய்தார். “குடிங்க உம்மா” என்றால், “எனக்கு ஒண்டுமில்ல மகள், நீ நோன்பு பிடிக்கோணும்” என்பார்.

ஒருநாள் குசினியில் தண்ணீர் எடுக்கப் போனவள், மூடையைத் தாண்டி வந்த பிறகுதான் நினைத்தேன், அரிசியில் கை வைக்காமல் எத்தனையோ நாள் ஆகிவிட்டது. அடுத்த முறை டொக்டர் என் இமையை இழுத்துப் பார்த்து, இரத்தமும் சோதித்து, “பிடிங்க மகள்” என்று சிரித்தார். அந்த நோன்பில் நான் விழவில்லை. முதல் நாள் மஃரிப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடித்த என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், உம்மா தன் நோன்பைத் திறக்கவே மறந்துபோனார்.

என் கலியாணம் மாசி மாதத்தில், மழைக்காலம் முடிந்து வானம் வெளுத்துக் கிடந்த நேரத்தில் வைத்தார்கள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கிருந்தோ ஒரு மழை! மாப்பிள்ளை குடைக்குள்ளும் தோள் நனைந்து வந்து சேர்ந்தார். வீடே என்னைப் பார்த்துச் சிரித்தது. சாச்சிக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது.

“நான் சொன்னன்தானே புள்ள! உங்கட உம்மாட கலியாணத்துக்கும் இப்படித்தான், ஆனி மாசம், கிணறு வத்தின காலம், பந்தல் சரியிற மழ. சின்னதில அவ திண்ட அரிசி கொஞ்சமா?”

எல்லோரோடும் சேர்ந்து உம்மாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுளகுக்கு முன்னால் அசைந்துகொண்டிருந்த அந்த வாய் நினைவுக்கு வந்தது. டொக்டர் என் இமையை இழுத்துப் பார்த்தபோதெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவரின் இமையை யாரும் பார்க்கவில்லை. கலியாணச் சந்தடி அடங்கியதும் கையோடு கூட்டிப்போய்ச் சோதித்தோம். இரத்தம் என்னுடையதைவிடக் குறைவு.

இப்போது அந்தக் குசினி மூலையில் மூடை இல்லை. அரிசி கடைப் பையில் வருகிறது. ஓர் ஆசைக்கு நாலு மணியை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன், வெறும் சுண்ணாம்பு. அந்த ருசி என் நோயோடு போய்விட்டது, போனதில் எனக்கு வருத்தமில்லை. மருந்தும் தேசிக்காய்த் தண்ணீருமாக உம்மா தேறிவிட்டார் என்றாலும், ஊருக்குப் போனால் ஸலாம் சொன்ன கையோடு அவருடைய கீழிமையை இழுத்துப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. “விடு புள்ள, வயசு போன கண்ணுல என்னத்தப் பாக்கிற?” என்று ஏசுவார். ஏசிவிட்டு, கண்ணை மேலே உயர்த்தி, சிவந்திருக்கிறது என்று நான் சொல்லும்வரை அசையாமல் நிற்பார்.