அண்ணனின் கல்லுக்கு ஊற்றிய தண்ணீர்

என் அண்ணனுக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாது. கித்துல்கலைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருந்த அத்தனை பேரும் விடியற்காலையில் பீலிக் குழாயில் கொட்டும் மலைத் தண்ணீரில் தலையைக் காட்டிவிட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுவார்கள். இவர் மட்டும் அடுப்பங்கரையில் குந்திக்கொண்டு, தகரத்தில் தண்ணீர் காயட்டும் என்று காத்திருப்பார். "பெரிய ஜமீன்தாரு, வெந்நி இல்லாம மேலு நனையாதோ?" என்று நான் கேலி பண்ணுவேன். பாடெல்லாம் அண்ணிக்குத்தான். கித்துல்கலை மழையில் காய்ந்த விறகு ஏது? ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து, ஒரு தகரம் வெந்நீர் காய்ச்சிக் கொடுத்துவிட்டுத்தான் தானும் வேலைக்குப் போவார். கலியாணமான இரண்டு வருஷமும் இதுதான் நடந்தது.

வெள்ளைக்காரத் தேசங்களுக்குள் பெரிய சண்டை நடந்த காலத்தில் அண்ணன் கங்காணியோடு வாக்குவாதப்பட்டு, கொஞ்ச நாள் ஊரில் இருந்துவிட்டு வருகிறேன் என்று இந்தியாவுக்குப் போனார். போன இடத்தில் பட்டாளத்துக்குச் சமையல் வேலைக்கு ஆள் எடுத்திருக்கிறார்கள். இவரும் போய் நின்றுவிட்டார். பிரான்சு தேசத்திலிருந்து யாரையோ பிடித்து எழுதவைத்து ஒரு காகிதம் போட்டார். "சுகம். குளிர்தான் தாங்கமுடியவில்லை" என்று இருந்தது. அதைப் படித்துக்காட்டியபோது அண்ணி சிரித்தார். பிறகு, கூடப் போன ஆள் ஒருவர் ஊருக்குத் திரும்பி, அண்ணனைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லி அனுப்பினார். அதோடு சரி. சண்டை முடிந்தது, வருஷங்கள் போயின, அவர் இருக்கிறார் என்றும் தகவல் இல்லை, இல்லை என்றும் தகவல் இல்லை.

அண்ணியின் நிலைமை யாருக்கும் வரக்கூடாது. கழுத்தில் தாலி இருந்தது. ஆனால் லயத்தில் ஒரு சடங்கு, கலியாணம் என்றால் அவரை மஞ்சள் இடிக்கக் கூப்பிடவும் பெண்களுக்கு மனம் வராது, கூப்பிடாமல் விடவும் வாய் வராது. அவரே கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். எங்கள் ஸ்டோரில் ரப்பர் சீட்டுகளைப் புகையில் காயவைக்கும் அறைக்கு நெருப்புப் பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை, அதிர்ந்து பேசாத மனிதர். அண்ணியைக் கட்டிக்கொள்ள விருப்பம் என்று என் மூலம்தான் கேட்டார். எங்கள் சனத்தில் அது வழக்கமில்லாததும் அல்ல. நான் போய்ச் சொன்னேன்.

"அவரு இருக்காரா இல்லையான்னே தெரியல. நான் என்னன்னு பதில் சொல்றது புள்ள?" என்றார் அண்ணி. "செத்துட்டாருன்னு தெரிஞ்சா ஒரு தடவ அழுதுட்டு எந்திரிப்பேன். இப்ப அழவும் முடியல."

அதற்கு மேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நெருப்புக்காரரும் ஒருநாளும் அண்ணியிடம் நேரில் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மரியாதையை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன்.

நான் அப்போது பங்களாவில் ஆயா. துரைக்கு இரண்டு பெண் குழந்தைகள், இரண்டும் வாலில்லாத குரங்குகள். துரை லீவில் சீமைக்குப் போனபோது, கப்பலில் இவர்களை மேய்க்க ஆள் வேண்டுமே என்று என்னையும் கூட்டிப்போனார்கள். துரைசானியின் தம்பி ஒருவர் அதே சண்டையில் பிரான்சில் செத்துப்போயிருந்தார். வழியில் அங்கே இறங்கி அவர் புதைத்த இடத்தைப் பார்ப்பது என்று துரைசானிக்கு ஒரே பிடிவாதம். பிரான்சு என்ற பெயர் காதில் விழுந்ததும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போற எடத்துல கேட்டுப் பாரு. இருந்தா இருக்காருன்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு. எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சா போதும்."

துரைசானியிடம் இதை எப்படிச் சொல்வது என்று கொழும்பிலிருந்து ஏழெட்டு நாள் வாயை மூடிக்கொண்டே இருந்தேன். சின்னதுக்குத் தலைவாரும்போது என்னையறியாமல் கொட்டிவிட்டேன். அவர் சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அண்ணன் பேர், அப்பா பேர், ஊர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். "நான் எழுதிக் கேக்கும், ஆயா. நீ யோசிக்க வேணாம்" என்றார். தோட்டத்துக்கு வந்து கற்றுக்கொண்ட தமிழ் அது. அதைக் கேட்டு எத்தனையோ நாள் சமையல்கட்டில் சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரான்சின் வடக்குப் பக்கம் இரண்டு நாள் மோட்டார் காரில் சுற்றினோம். சண்டை நடந்த இடத்தைப் பார்ப்பதற்கென்றே எங்களைப்போல் எத்தனையோ கார்கள். கறுப்பு உடுப்புப் போட்ட தாய்மார்கள், கையில் படம் வைத்துக்கொண்டு அலைகிற தகப்பன்மார். மண்ணைக் கொத்தி மறுபடி பயிர் வைத்திருந்தார்கள். ஆனாலும் வயல் ஓரங்களில் துருப்பிடித்த இரும்பும் முள்ளுக்கம்பியும் குவிந்து கிடந்தன. வழிகாட்டி ஒரு பள்ளத்தைக் காட்டி என்னமோ சொல்லிக்கொண்டே போனான். எனக்கு விளங்கியது ஒன்றுதான்: இவ்வளவு தூரம் வந்து இந்த மண்ணிலா செத்தார்கள்.

பிறகு ஒரு மயானத்துக்குப் போனோம். அங்கேதான் எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. வெள்ளைக் கற்கள், வரிசை வரிசையாக, கண்ணுக்கு எட்டின மட்டும் நின்றன.

ஏன் நடுங்கினேன் என்று சொல்லவேண்டும். எங்கள் வழக்கத்தில் ஆள் செத்தால் ஒரு கல்லை நட்டு, அதை அவராகவே நினைத்துக்கொள்வோம். கருமாதி அன்று சொந்தக்காரர் எல்லாம் அந்தக் கல்லுக்கு எண்ணெய், சீயக்காய் வைத்துத் தண்ணீர் ஊற்றுவோம். செத்தவருக்கு அதுதான் கடைசிக் குளியல். குளிப்பாட்டி முடிந்ததும் கல்லைப் பிடுங்கி ஆற்றில் விட்டுவிட வேண்டும். விட்டால்தான் அவர் போவார். கல் நின்றால் ஆளும் நின்றுவிடுவார். இங்கேயோ செத்து இத்தனை வருஷமாகியும் ஆயிரக்கணக்கில் கல் நிற்கிறது. இத்தனை பையன்களையும் பெற்றவர்கள் ஒருத்தரும் வந்து கருமாதியை முடிக்கவில்லையே என்று நினைத்தேன். பிள்ளைகள் இரண்டையும் இழுத்து முந்தானைக்குள் விட்டுக்கொண்டேன்.

துரைசானி தம்பியின் கல்லைக் கண்டுபிடித்து, புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். பொறுமை எனக்குக் கூடப் பிறந்ததல்ல.

"தொரசானி அம்மா, இந்தக் கல்லையெல்லாம் எப்ப எடுப்பாங்க?"

"எடுக்க மாட்டான், ஆயா. எப்பவும் இருக்கும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் வழக்கத்தை மூச்சுவிடாமல் சொல்லி, "ஒங்க தம்பியப் போகவிடாம நிறுத்தி வச்சிருக்காங்களே, இது பாவம் இல்லீங்களா?" என்று கேட்டும்விட்டேன். ஆயா கேட்கிற கேள்வியா அது? துரைசானி கல்லைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அவன் போக வேணாம், ஆயா" என்றார்.

 நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

சீமையில் இருந்த மாதங்களில் துரைசானி எத்தனை காகிதம் எழுதினார் என்று எனக்குத் தெரியாது. ஒன்றுக்குப் பதில் வராவிட்டால் இன்னொன்று எழுதுவார். திரும்பப் புறப்படும் வாரத்தில் என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர் முன்னால் நான் நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. அப்போதே தெரிந்துவிட்டது. அண்ணன் பேர், அப்பா பேர், ஊர் மூன்றும் ஒத்துப்போகிற ஆள், காய்ச்சலில் செத்தவர், மர்சேல்ஸ் ஊர் மயானத்தில் இருக்கிறார் என்றார். நாங்கள் கப்பல் ஏறவேண்டிய துறைமுகமும் அதுதான். நான் ஓவென்று அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே, அண்ணிக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது என்று மனதுக்குள் ஒரு பாரம் இறங்கியது. அந்த நேரத்தில் அப்படி இறங்கியதே எனக்கு வெட்கமாக இருந்தது.

மர்சேல்ஸில் அன்று காற்று முகத்தை அறுத்தது. மயானத்தைப் பார்த்துக்கொள்கிறவர் பழைய பட்டாளத்துக்காரர். ஒரு கை இல்லை, சட்டைக் கையை மடித்து ஊசி குத்தியிருந்தார். துரைசானி நீட்டிய காகிதத்தைப் பார்த்து, நேரே கூட்டிப்போய் ஒரு கல்லின் முன் நிறுத்தினார். துரைசானி எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துச் சொன்னார். எங்கள் அப்பா பேரை அந்த ஊர்க் கல்லில் கேட்டேன்.

என் பையில் தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய் இருந்தது. லயத்தில் இடித்துக்கொண்டுபோன சீயக்காய்த் தூளும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எண்ணெயைக் கல்லின் உச்சியில் வைத்தேன், சீயக்காயைத் தேய்த்தேன். வெள்ளைக் கல்லில் பழுப்பாக வழிந்தது. அப்போதுதான் தண்ணீர் இல்லையே என்று உறைத்தது. அந்தக் கையில்லாதவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போடப்போகிறார் என்று துரைசானி எனக்கு முன்னால் வந்து நின்றார். அந்த மனிதரோ திரும்பிப் போய், பூச்செடிக்கு ஊற்றுகிற வாளியை நிரம்பத் தண்ணீரோடு தூக்கிவந்து என் காலடியில் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

ஊற்றினேன். விரல் விறைத்துப்போகிற தண்ணீர். "அண்ணே, கோவிச்சுக்காதே, இங்க வெந்நிக்கு வழியில்ல" என்று வாய்விட்டே சொன்னேன். அழுக்கு முழுதும் போகவில்லை என்று முந்தானையால் துடைக்கப் போனேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டி, இன்னொரு வாளி கொண்டுவந்து, ஒற்றைக் கையால் தானே சாய்த்துக் கழுவிவிட்டார். அவர் எந்தச் சாதி, எந்த மதம், என்ன பேர், ஒன்றும் எனக்குத் தெரியாது. என் அண்ணனைக் குளிப்பாட்டினவர். சாமி கும்பிடும்போது இன்றைக்கும் அவரை நினைத்துக்கொள்கிறேன். கல்லடியில் கிடந்த ஒரு கூழாங்கல்லைக் காட்டி, எடுக்கலாமா என்று சாடையில் கேட்டேன். அவரே குனிந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

தோட்டத்துக்கு வந்த அன்றே அண்ணியிடம் கூழாங்கல்லைக் கொடுத்து, நடந்ததெல்லாம் சொன்னேன்.  வாளித் தண்ணீர் ஊற்றியதைச் சொன்னதும்தான் வாயைத் திறந்தார்.

"பச்சத் தண்ணியா ஊத்துன?"

அதைக் கேட்டுவிட்டுத்தான் அழுதார். ஒன்பது வருஷத்து அழுகை. லயமே கூடிவிட்டது.

பதினாறாம் நாள் கித்துல்கலையில் களனி ஆற்றங்கரையில் கருமாதி வைத்தோம். முறைப்படி எல்லாம் நடந்தது. பங்காளி ஒருவர் அந்தக் கூழாங்கல்லை மணலில் நட்டார், எல்லோரும் தண்ணீர் ஊற்றினோம், அண்ணியின் தாலியைக் கழற்றினார்கள், கல் ஆற்றோடு போனது. அண்ணிக்கு அடுத்த வருஷம் கலியாணமும் ஆனது. மர்சேல்ஸில் இன்னொரு கல் நின்றுகொண்டே இருக்கிறதே என்று எனக்கு இப்போது பயமில்லை. அதற்குத் தண்ணீர் ஊற்ற அங்கே ஆள் இருக்கிறது.

ஆனால் அன்று தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் நடந்ததுதான் எனக்கு மறக்காதது. அண்ணி லயத்திலிருந்தே தகரத்தையும் விறகையும் சுமந்துவந்திருந்தார். மூன்று கல்லைக் கூட்டி, ஆற்றங்கரையில் அடுப்பு மூட்ட உட்கார்ந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. "கல்லுக்கு எதுக்கு வெந்நி? இது எங்க உள்ள வழக்கம்?" என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். அண்ணி காதில் வாங்காமல் ஊதிக்கொண்டே இருந்தார். விறகு பிடிக்கவில்லை. எங்கள் யாருக்கும் பிடிக்கவைக்கத் தெரியவில்லை.

நெருப்புக்காரர் தூரத்தில் ரோட்டோரமாக நின்றிருந்தார். துக்க வீட்டில் அவருக்கு என்ன உரிமை? நின்று நின்று பார்த்துவிட்டுக் கீழே இறங்கிவந்தார். மடியிலிருந்து ஒட்டுப்பால் துண்டு ஒன்றை எடுத்தார். ரப்பர் மரத்து வெட்டில் ஒட்டிக் காய்ந்த பால் அது, எந்த மழையிலும் பற்றும். அதைக் கொளுத்தி விறகுக்கு அடியில் வைத்து, முழங்கால் மணலில் படக் குந்தி, அண்ணியின் முகத்தைப் பாராமல் ஊதினார். கறுப்புப் புகை கிளம்பி, தீ பிடித்தது.  நெருப்புக்காரர் எழுந்து போகப்போனார்.

அண்ணி தகரத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் நேரே பேசினார்.

"இன்னும் கொஞ்சம் காயணுங்க. அவருக்குச் சூடு பத்தாது."

அவர் மறுபடி குந்தி ஊதினார்.