இந்தக் கை கொழுந்துக்கு இல்லை

மூன்று வருடங்களுக்கு முன், காற்று ஆளைத் தள்ளும் ஒரு ஆடி மாதம். ஹாலிஎலவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஐந்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு பதுளை பஸ் ஏறினேன். பிறந்ததிலிருந்தே அவளுடைய வலது கை மூடியபடிதான் இருக்கும். இடது கையால் சமாளிப்பாள். ஆனால் பொத்தான் போடுவது மாதிரி இரண்டு கையும் வேண்டிய வேலைக்கு நான் வர வேண்டும். அதற்கு முந்திய வாரம், வரும் தை மாதம் முதலாம் வகுப்பில் சேர்க்க அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். அதிபர் அவள் கையைப் பார்த்துவிட்டு, "உடுப்பு மாட்டிவிட ஒரு ஆள் கூடவே நிக்கணும் போல இருக்கே, இன்னும் ஒரு வருஷம் போகட்டும்" என்று அனுப்பிவிட்டார். ஒரு வருடம் போனாலும் அதையேதான் சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களை ஒரு அறைக்கு அனுப்பினார். கதவில் 'தொழில்வழிச் சிகிச்சை' என்று போட்டிருந்தது. படித்ததுமே சுருக்கென்றது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன தொழில்?

உள்ளே யாழ்ப்பாணத்து மிஸ் ஒருவர் இருந்தார். மகளின் விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் விரித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து பிடிக்கப் பழகவேணும் அம்மா. கொழுந்து கிள்ளுற மாதிரி. உங்கட வாசல்லயே தேயிலை நிக்குதுதானே?"

எங்கிருந்துதான் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததோ! "கொழுந்துக்குப் பழக்கவா மிஸ் இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன்? எங்கம்மா கையும் என் கையும் குடுத்தது போதும். இந்தக் கை கொழுந்துக்கு இல்ல!"

அறையில் இருந்த மற்றத் தாய்மார் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். கொழுந்து பறிப்பதை நான் கேவலமாக நினைக்கவில்லை, இன்றைக்கும் எங்கள் வீட்டில் அந்தச் சோறுதான். ஆனால் எங்கள் பிள்ளைகளின் விரலைப் பார்த்தவுடன் ஏன் எல்லோருக்கும் தேயிலை ஞாபகம் வர வேண்டும்?

மிஸ்ஸின் முகம் மாறிவிட்டது. "கோவிக்காதேங்கோ அம்மா, நான் யோசிக்காமச் சொல்லிப்போட்டன். பிள்ளைக்குத் தொழில் எண்டா விளையாடுறது, சாப்பிடுறது, பள்ளிக்கூடம் போறது. அதுகளைத் தானாச் செய்ய வைக்கிறதுதான் எங்கட வேலை" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மகளிடமே திரும்பி, "இந்தக் கையால உங்களுக்கு என்ன செய்ய விருப்பம்?" என்று கேட்டார்.

அவள் யோசிக்கவே இல்லை. "பிஸ்கட் பெக்கட் ஒடைக்கணும். அண்ணே ஒடைச்சா பாதிய தின்னுர்றான்."

அப்படித்தான் ஆரம்பித்தோம். வலது கை பெக்கட்டைப் பிடிக்க வேண்டும், இடது கை கிழிக்க வேண்டும். பிறகு ரொட்டி மாவைக் கிள்ளுவது, கொடியில் உடுப்புக் கிளிப் மாட்டுவது. விளையாடும்போது கொஞ்ச நேரம் மட்டும் நல்ல கைக்கு ஒரு காலுறையை மாட்டிவிடச் சொன்னார் மிஸ். அப்போதுதான் அந்தச் சோம்பேறிக் கை வேலைக்கு வருமாம். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள் எங்கள் லயம், அங்கே அது பெரிய கதையாகிவிட்டது. "ஏன்டி, இருக்கிற ஒரு நல்ல கையையும் கட்டிப்போடுறியே, நீயெல்லாம் ஒரு தாயா?" என்று பக்கத்து வீட்டுக் காம்பரா அக்கா வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"ஆமாக்கா, தாய்ங்கிறதாலதான் கட்டுறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து அழுதேன். மகளும் அழுதாள். ஆத்திரத்தில் மாவை உருட்டி என் மேல் வீசினாள். வலது கையால் வீசியிருக்கிறாள் என்பது எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கும் நாளில், யாரும் கூப்பிடாமலே அதிபர் முன்னால் போய் நின்றோம்.

"நான் இன்னும் ஒரு வருஷம் போகட்டும்னுதானே சொன்னேன்?"

"இவளால முடியாட்டியும் சேர்க்கத்தான் வேணும் சார், படிக்கிறது இவ உரிமை. ஆனா இவளால முடியும். பாருங்க."

மகள் ஸ்வெட்டரைக் கழற்றினாள், திரும்ப மாட்டினாள், பொத்தானுக்கு வந்தாள். வலது கை துணியைப் பிடித்தது, இடது கை பொத்தானைத் தள்ளியது. பாதியில் ஒன்று ஓட்டை மாறி விழுந்துவிட்டது. உதவப் போன என் கையைப் புடவைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன். அதிபர் இரக்கப்பட்டுக் குனிந்து கையை நீட்டினார். அவள் வெடுக்கென்று தோளைத் திருப்பிக்கொண்டாள். "தொடாதீங்க சார், நானே போடுவேன்."

மாறி விழுந்ததைக் கழற்றி, மறுபடி முதலில் இருந்து தொடங்கினாள். கடைசிப் பொத்தானையும் போட்டு அவள் நிமிர்ந்த பிறகு, அதிபர் எழுந்து போய் முதலாம் வகுப்பு டீச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இப்போது அவள் மூன்றாம் வகுப்பு. வலது கை இன்னும் மெதுவாகத்தான் வரும், முழுதாகச் சரியாகாது என்று மிஸ் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஆகாவிட்டால் போகட்டும். அவளுக்கு அது முடியாது, இது முடியாது என்று யாராவது ஆரம்பித்தால் இப்போதெல்லாம் நான் சண்டைக்குப் போவதில்லை. "அவகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கிறேன், என்னைவிட நன்றாகச் சண்டை போட அவளுக்குத் தெரியும் என்பதை அன்றைக்கு என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.