அண்டியாபீஸிலிருந்து சாரத்துக்கு

எதிர்வீட்டில் மாடி எழும்புகிறது. நேற்று சாரம் கட்டினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்ததற்கே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. சிரிக்காதீர்கள், சாரத்தில் ஏறி இறங்கித்தான் நான் மகளை நர்ஸ் ஆக்கினேன்.

அதற்கு முன்னால் அண்டியாபீஸில் இருந்தேன். முந்திரிக்கொட்டை உடைக்கும் கம்பெனியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ஆபீஸ் என்றதும் நாற்காலியை நினைத்துவிட வேண்டாம். தரையில் குந்தியிருந்து கட்டையால் தட்டி உடைக்க வேண்டும். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் கறுத்துத் தோலுரியும். கல்யாண வீடுகளில் கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொள்வேன். அப்படியொரு பவுசு எனக்கு!

கை போகட்டும், கூலியை நினைத்தால்தான் பயம். ஏறவே இல்லை என்றால் பொய். பஸ் கட்டணமும் அரிசியும் ஏறி முடித்த பிறகு, மெல்ல ஏறும். அதே காலத்தில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி தாவிக்கொண்டிருந்தது. வளைகுடாப் பணத்தில் ஊரெங்கும் வீடு எழும்பிய காலமல்லவா. ஒவ்வொரு திங்கட்கிழமையும் எங்கள் வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கும். ஒருத்தி கட்டட வேலைக்குப் போயிருப்பாள். எல்லோரும் கரையேறிவிட, நான் மட்டும் இங்கேயே கிடந்துவிடுவேனோ?

ஒரு நாள் காலியானது என் பக்கத்து இடம், லில்லியுடையது. சாயங்காலம் அவளே வீட்டுக்கு வந்தாள்.

"ஏட்டி, சித்தாள் வேலைக்கு வாறியா? இங்க ஒரு வாரம் கிட்டுறது அங்க ரெண்டு நாள்ல கிட்டும்."

"சாரத்துல ஏற எனக்குப் பேடியா இருக்கு லில்லி."

"பிள்ளைய நர்சிங்குக்கு விடணும்னு சொன்னியே, அதுக்குப் பேடி இல்லியா?"

போனேன். முதலில் தரையில் சாந்து குழைத்தேன். பிறகு சாந்துச் சட்டியை மேலே சுமக்கச் சொன்னார்கள். மூன்றாவது மாடிச் சாரத்தில் பலகை ஆடியது. தென்னைமரத்தின் மண்டை எனக்குக் கீழே இருந்தது. அதைப் பார்த்ததுதான் தப்பு. கால் மரத்து, சட்டி கைநழுவிப் போயிற்று. கீழே யாரோ அலறினார்கள்.

"யாருக்க தலையில போட்டா?" என்று கொத்தனார் கத்தினார்.

எட்டிப் பார்க்கத் தைரியமில்லை. ஓர் உயிரைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்து மூங்கிலைக் கட்டிக்கொண்டு நின்றேன். சட்டி மணல் குவியலில் விழுந்திருந்தது. அது பிறகுதான் தெரிந்தது. லில்லி ஏறி வந்தாள்.

"கீழ நோக்காத மக்கா. எனக்க மூஞ்சிய மட்டும் நோக்கு."

நோக்கினேன். அவளுக்கும் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. அப்படியே ஒவ்வொரு பலகையாக இறங்கினோம்.

மறுநாள் அண்டியாபீஸுக்கே ஓடிவிட்டேன். ஆனால் மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்தபோது திரும்பவும் சாரத்துக்கே போக வேண்டியிருந்தது. பயம் தெளிந்து போனேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை, வருஷக்கணக்காக, தினமும் முதல் பலகையில் கால் வைக்கும்போது மூங்கிலை இறுகப் பிடித்துக்கொள்வேன். லில்லி கால் முட்டு தேய்ந்து வேலையை நிறுத்திவிட்டாள். நான் மகள் படித்து முடிக்கும்வரை ஏறினேன்.

அண்டியாபீஸ் இன்று இல்லை. அந்த இடத்தில் கல்யாண மண்டபத்துக்கு வரும் கார்கள் நிற்கின்றன. அப்போதெல்லாம் சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு அங்கிருந்து ரோட்டை அடைத்து நடப்போம். யாருக்கு எவ்வளவு என்று உரக்கச் சொல்லி, முதலாளியை ஏசிச் சிரிப்போம். ஒளிக்க ஒன்றுமில்லை, எல்லோருக்கும் ஒரே குறைச்சல். போன மாசம், அண்டியாபீஸில் எங்கள் வரிசையில் இருந்த ஒருத்தியைப் பஸ்ஸில் கண்டேன். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாளாம்.

"எவ்வளவு கிட்டுது?" என்று கேட்டேன்.

"ஏதோ கிட்டுது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "உனக்க மகளுக்கு?" என்றாள்.

நானும் அதையேதான் சொன்னேன்.