மூன்றாவது அடுப்புக்கல்

கூரை இல்லாத வீட்டில் ஒன்பது மழைக்காலங்களைக் கழித்துவிட்டாள் டெலாலி.

கசோவா ஊரைத் தாண்டி, செம்மண் பாதை தேய்ந்து முடிகிற இடத்தில் அந்த வீடு நின்றது. நான்கு அறை, ஒரு கூடம். சுவர் லிண்டல் மட்டம் வரை வந்து அதோடு நின்றுபோயிருந்தது. ஜன்னல் இருக்கவேண்டிய இடங்களில் வானம் இருந்தது. கிழக்கு மூலை அறையில் மட்டும் குறுக்கே நாலு கம்பு போட்டு, தகரம் பரப்பி, அதன் கீழே படுத்துக்கொண்டாள்.

வீடு ஃப்ரேமாவுடையது. ஹாம்பர்கில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிற ஃப்ரேமா அனுப்புகிற காசில் வருஷத்துக்கு ரெண்டு அடி எழும்பும், சில வருஷம் அதுவும் இல்லை. ஆள் குடியிருக்காத நிலத்தை அந்தப் பக்கத்தில் யாராவது இன்னொருவனுக்கு விற்றுவிடுவார்கள். அதனால் முடியாத வீட்டுக்கெல்லாம் ஒரு காவல் ஆள் உண்டு. சம்பளம் கிடையாது. இருக்க இடம், சுற்றிலும் மரவள்ளி போட்டுக்கொள்ள மண், அவ்வளவுதான்.

டெலாலிக்கு அதுவே போதுமாயிருந்தது. கேட்டா என்ற கடலோர ஊரில் அவள் பிறந்த வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மீன்பிடிக்கப் போன புருஷன் திரும்பவில்லை. செத்தானா, வேறு குடும்பம் கட்டினானா என்று சொல்லவும் யாரும் வரவில்லை. யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்துப் பேசத் தெரியாது அவளுக்கு. ஆனால் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

பக்கத்து மனையில் ஓஃபோசு சிமெண்ட் பிளாக் போட்டு விற்றான். காயவைக்கும் பிளாக்குகளை வரிசையாக அடுக்குவான். வருஷத்துக்கு ஒரு வரிசை இந்தப் பக்கம் நகர்ந்து வந்துகொண்டே இருந்தது. டெலாலி பார்த்தாள், சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும். சண்டையில் இரண்டாவது வார்த்தைக்கு அவளிடம் சரக்கு இருக்காது.

ஞாயிறு மதியம் ஃப்ரேமாவின் போன் வரும். மூன்று கேள்வி. மழை பெய்ததா, யாராவது வந்தார்களா, சுவர் எப்படி இருக்கிறது. அந்த வாரத்தில் டெலாலி பேசுகிற பேச்சு பெரும்பாலும் அதுதான்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, நாலாவதாக ஒரு சேதி வந்தது.

"கூரை போடப் போறேன், டெலாலி. கிறிஸ்துமஸுக்கு வந்துடுவேன். இனிமே இங்க வேலை செய்ய என் முதுகு இடம் கொடுக்காது."

"நல்லதுக்கா."

"ஆனா அந்த பிளாக்காரன் புகார் கொடுத்திருக்கானாம். கிழக்குச் சுவர் அவன் எடத்துல இருக்குன்னு. கட்டறதுக்கு முன்னாடியே அளந்திருக்கணும்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க. அப்ப எந்தப் புண்ணியவானும் சொல்லல."

மறுநாளே நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து, கிழக்குச் சுவரில் சிவப்புச் சாயத்தில் பெரிதாக எழுதிவிட்டுப் போனார்கள். எழுத்துக் கூட்டித்தான் படித்தாள். வேலையை நிறுத்து. அந்தச் சுவர் எழுந்தபோது மூன்று வாரம், காலையும் மாலையும், குடம் குடமாக அதற்குத் தண்ணீர் ஊற்றியவள் அவள். சாயம் வழிந்து கீழே சொட்டிய இடத்தை மட்டும் மண்ணைப் போட்டு மூடினாள்.

புதன்கிழமை எல்லையை அளக்கச் சர்வேயர் நார்ட்டே வந்தார். ஐம்பது வயது, வெயிலில் கருத்த வழுக்கை, தோளில் அளவுக்கருவியின் முக்காலி. மனையைச் சுற்றிச் சுற்றி வந்தார், புதரை விலக்கினார், கம்பியால் குத்திப் பார்த்தார். பிளாக் வரிசைக்கு அந்தப்புறம் ஓஃபோசு கைகட்டி நின்றான்.

"மத்த மூலை எல்லைக் கல்லெல்லாம் ரோடு போடும்போது புல்டோசர்ல போயிடுச்சு" என்றார் நார்ட்டே. "இந்த மூலைக் கல்லு ஒண்ணுதான் மிச்சம் இருக்கணும். அதையும் காணோம். வரைபடமோ பழசு, கல்லை வச்சு அளந்தது. கல்லு இல்லாம என்ன பண்றது?"

"கல்லுக்குக் கால் முளைச்சு டோகோ எல்லையைத் தாண்டியிருக்கும்" என்றான் ஓஃபோசு. "இந்த அம்மா ஊரு அந்தப் பக்கந்தானே. கேட்டுப் பாருங்க, சொந்தக்காரங்களா இருப்பாங்க."

"உங்க பிளாக் மழையில கரைஞ்சு ஓடுதே, அத மாதிரியா?" என்றார் நார்ட்டே, திரும்பாமலே.

தண்ணீர் கேட்டார். டெலாலி கொண்டுவந்து கொடுத்தாள். அடுப்புப் பக்கமாக நிழலில் உட்கார்ந்து குடித்தார். அடுப்பில் வெண்டைக்காய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"கல்லு எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். தன் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"முழ நீளம். சிமெண்ட். தலையில நம்பர் வெட்டியிருக்கும், நடுவுல ஒரு இரும்புக் கம்பி. கல்லு போனாலும், அது நின்ன எடம் தெரிஞ்சா போதும். அந்தக் காலத்து சர்வேயருங்க சூட்சுமக்காரங்க. கல்லுக்கு அடியில கரியும் பாட்டில் சில்லும் புதைச்சு வச்சிருப்பாங்க. கரி மக்காது, சில்லு மக்காது. தோண்டினா சொல்லிடும்."

டெலாலி குழம்பைக் கிளறினாள். பானைக்குக் கீழே மூன்று கல். இரண்டு ஆற்றுக்கல். மூன்றாவது, கரிபிடித்து, உயரத்துக்காகப் பாதி மண்ணில் புதைத்துவைத்த ஒரு சிமெண்ட் கட்டை.

ஐந்து வருஷத்துக்கு முன், அடுப்புக்கு வைத்திருந்த ஓஃபோசுவின் பிளாக் சூட்டில் வெடித்து, சோறு எல்லாம் மண்ணில் போயிற்று. அந்த வாரம் பெய்த மழையில் மூலையில் ஓடை அரித்து, இந்தக் கட்டை சாய்ந்து கிடந்தது. யாரோ மேஸ்திரி மிச்சம் வைத்துப் போனது என்று நினைத்துத் தூக்கிவந்துவிட்டாள். குழியில் உடைந்த பிளாக்கைப் போட்டு நிரப்பி, மேலே எலுமிச்சைப்புல் நட்டாள். அந்தப் புல்லில்தான் இன்றைக்கும் தேநீர் போடுகிறாள்.

"கடல் எடுத்துட்ட நெலத்த அளக்க முடியுங்களா?" என்று கேட்டாள்.

நார்ட்டே அவளைப் பார்த்தார். "தாள்ல அளக்கலாம்மா. கால் வைக்க முடியாது." எழுந்து தூசி தட்டினார். "வெள்ளிக்கிழமை வர்றேன். கல்லு கிடைக்கலேன்னா எழுதிக் கொடுத்துடுவேன். அப்புறம் கோர்ட்டு பாத்துக்கும்."

அவர் போனபிறகு ஓஃபோசு பிளாக் வரிசையோரம் வந்தான். ஒன்பது வருஷத்தில் அவளிடம் அவன் தணிந்து பேசியது அன்றுதான்.

"கோர்ட்டுன்னா பத்து வருஷம் போகும், தெரியுமில்ல. பத்து வருஷத்துக்கு இந்தச் சுவத்துல யாரும் கை வைக்க முடியாது. கூரை ஏறினா அவங்க வருவாங்க. நீ எங்க போவ?"

அவள் காலடி மண்ணைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் செய்யச் சொல்லல. சும்மா இரு. அது உனக்குக் கைவந்த விஷயம்தானே."

அவன் போனபிறகும் அங்கேயே நின்றாள். நீ எங்கே போவாய் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ஃப்ரேமா கேட்கவில்லை. அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டவன் ஓஃபோசு.

வியாழன் முழுக்க மரவள்ளிக்குக் களை எடுத்தாள். நடுவில் போன் அடித்தது. ஞாயிறு இல்லாத நாளில் ஃப்ரேமா கூப்பிட்டதே கிடையாது.

"கல்லு கிடைக்கலியாமே."

"தேடிட்டுப் போனாருக்கா."

"இங்க நான் பாத்துக்கிட்ட கிழவி முந்தாநாள் போயிட்டா. அவளுக்கு யாரும் வரல. நான்தான் துணி மாத்திவிட்டேன். சாவுறதுன்னா எனக்கு என் சுவத்துக்குள்ள சாவணும், டெலாலி. அவ்வளவுதான் ஆசை." பிறகு வழக்கம்போல, "மழை பெஞ்சுதா?"

"இல்லக்கா."

வெள்ளிக்கிழமை காலை டெலாலி அடுப்பு மூட்டவில்லை. நார்ட்டே பாதையில் வரும்போது, அவள் குந்தி உட்கார்ந்து, சாம்பலும் தேங்காய் நாருமாக ஒரு கட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கரி போகப்போக இலக்கங்கள் தெரிந்தன. நடுவில் கம்பி துருத்திக்கொண்டிருந்தது. அருகே இரண்டு கல்லோடு அடுப்பு பல் போன வாய் மாதிரி இருந்தது.

அவர் முக்காலியை இறக்கிவைத்தார். குனிந்து இலக்கங்களை விரலால் தடவிப் பார்த்தார்.

"என் சர்வீஸ்ல மாட்டுக்கொட்டாயில பாத்திருக்கேன், கல்லறையில பாத்திருக்கேன். குழம்புக்குக் கீழ இப்பத்தான் பாக்குறேன். எங்கேருந்து எடுத்தீங்க?"

அவள் முன்னால் நடந்தாள். எலுமிச்சைப்புல்லைக் காட்டினாள். அது ஓஃபோசுவின் கடைசி மூன்று வரிசைக்கு நடுவே நின்றது. வாசம் நன்றாக இருக்கிறதென்று அவன் ஆட்கள் அதைச் சுற்றியே அடுக்கியிருந்தார்கள்.

"அம்மா இப்ப நினைச்ச எடத்துல கை காட்டுது" என்றான் ஓஃபோசு.

"அதான் தோண்டப் போறோமே" என்றார் நார்ட்டே.

புல்லை வேரோடு அவளே பிடுங்கினாள். உடைந்த பிளாக் வந்தது. அதற்கும் கீழே, இரண்டு சாண் ஆழத்தில், கறுப்பாக ஒரு கைப்பிடி கரி. அதன் நடுவில் பச்சைப் பாட்டிலின் அடிச் சில்லு. ஓஃபோசு அதைக் குனிந்து பார்த்தான். பிறகு தன் ஆட்களைக் கூப்பிட்டு, பிளாக்கை எடுக்கச் சொன்னான்.

நார்ட்டே அளந்து முடிக்க மதியமாகிவிட்டது. அளவுகோலை அவள்தான் ஆடாமல் பிடித்திருந்தாள். கிழக்குச் சுவர் எல்லைக்கு உள்ளே நாலடி தள்ளியே இருந்தது.

சாட்சிக் கையெழுத்துக்குத் தாள் நீட்டினார். பெயரை எழுதினாள்.

"விலாசம்?"

பேனா அப்படியே நின்றது. சிவப்புச் சாயம் பூசிய சுவரைப் பார்த்தாள்.

"இந்த வீடுதானே? நான் எழுதிக்கிறேன்" என்றார் அவர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"இப்போதைக்கு" என்றாள் டெலாலி.

சிமெண்ட் கட்டை பழைய குழிக்கே போயிற்று. பிடுங்கிய புல்லை ஒரு உடைந்த வாளியில் ஊன்றி வைத்தாள். வறுத்த மரவள்ளித் துருவலைத் தண்ணீரில் ஊறவைத்து அப்படியே சாப்பிடலாமென்று தட்டை எடுத்தபோது, அடுப்புப் பக்கம் தொப்பென்று சத்தம் கேட்டது. ஓஃபோசு. மூன்றாவது கல் இருந்த இடத்தில் ஒரு புது பிளாக்கை வைத்துவிட்டு, காலால் நகர்த்தி நேராக்கினான்.

"சூட்டுல நாலு மாசத்துக்கு மேல தாங்காது" என்றான். "கிறிஸ்துமஸ் வரைக்கும் உனக்கு அது போதும்ல."

அவன் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டெலாலி பிளாக்கைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் முழுதாகக் காயவில்லை. ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து அதன்மேல் மெதுவாக ஊற்றினாள்.