விதைப்புக் கூலி

பரமேஸ்வரன் கொழும்புக்குப் போய் குளிரூட்டி திருத்தப் படித்து வந்தவன். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் சண்டை மறுபடி தொடங்கி, கிளிநொச்சியில் மின்சாரம் நின்றுபோனது. அதற்குப் பிறகு ஊரில் எவருக்கும் குளிரூட்டி தேவைப்படவில்லை. ஆனால் அவன் என்ன படித்தவன் என்பதை எவரும் மறக்கவுமில்லை. மண்ணெண்ணெய் வரிசையில் அவனைக் கண்டால், "ஐஸ் பரமன் வாறான், தள்ளி நில்லுங்கோ, குளிரும்" என்று சொல்லிச் சிரித்துத் தள்ளி நிற்பார்கள். தள்ளி நின்றவர்களின் இடத்தில் அவன் போய் நின்றுகொள்வான்.

அந்தப் படிப்புக்காக அவனுடைய தகப்பன் செல்வநாயகம், உருத்திரபுரத்தில் வாய்க்கால் ஓரம் இருந்த இரண்டு ஏக்கர் வயலை நேசமலரிடம் ஒற்றி வைத்திருந்தார். ஒற்றிக்கு வட்டி கிடையாது. காசு கொடுத்தவர் வயலைச் செய்து விளைச்சலை எடுத்துக்கொள்வார். முழுக் காசும் ஒரே தரத்தில் திரும்பி வந்தால்தான் வயல் திரும்பும். அதுவும் அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்கு முன்னர் வர வேண்டும். விதை மண்ணில் விழுந்துவிட்டால் அந்தப் போகம் காசு கொடுத்தவருக்குத்தான். குடியேற்றத் திட்டக் காணியை ஈடு வைக்க அரசாங்கம் விடாது என்பதால் இதற்கெல்லாம் ஒரு துண்டுக் கடுதாசிகூட இல்லை. ஊருக்குத் தெரியும். அது போதும் என்று இரண்டு பக்கமும் இருந்துவிட்டார்கள்.

படித்து முடித்ததும் முல்லைத்தீவில் மீனுக்கு ஐஸ் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. சம்பளத்தில் பாதியை ஒற்றிக்கென்று ஒதுக்கி, கிறீஸ் வந்த வெறும் தகரப் பேணியில் போட்டு வைத்தான். தகப்பன் செத்த வருடம் மட்டும் பேணியில் ஒன்றும் விழவில்லை. மற்றபடி ஒழுங்காகத்தான் போனது. பிறகு மின்சாரம் நின்றது. டீசல் வருவதும் நின்றது. கடைசி மாதச் சம்பளத்துக்குப் பதிலாக முதலாளி ஆளுக்கு ஒரு ஐஸ் கட்டி கொடுத்தார். பரமேஸ்வரன் அதை உமி போட்டுச் சாக்கில் கட்டி, லொறியொன்றில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வந்து சேரும்போது சாக்கு மட்டும் இருந்தது.

"இதென்ன?" என்று தாய் இராசேஸ்வரி கேட்டாள்.

"சம்பளம், அம்மா."

அவள் சாக்கைப் பிழிந்து வேலியில் போட்டாள். "நல்ல சாக்கு. நெல்லுக்கு உதவும்."

நெல்லுக்குத்தான் வயல் இல்லை. பேணியில் ஒற்றிக் காசின் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நேசமலரிடம் போனான். நேசமலர் புருசனை இழந்து, இந்த இரண்டோடு சேர்த்துத் தனியாக ஆறு ஏக்கர் செய்கிறவள். பெற்ற இரண்டு பெடியன்களும் கனடாவில். குரல் மட்டும் வரம்புக்கு வரம்பு கேட்கும்.

"மாமி, பாதிக் காசு இருக்கு. ஒரு ஏக்கரைத் தாங்கோவன்."

"ஒற்றியில பாதி எண்டு ஒண்டு இருக்கோ தம்பி? மாட்டில பாதியை அவிட்டுக்கொண்டு போவியோ?" பிறகு கொஞ்சம் இரங்கி, "வேலை இல்லையெண்டால் நாளைக்கு வா. வரம்பு கட்ட ஆள் இல்லை" என்றாள்.

அப்படித்தான் அவன் தன் சொந்த வயலில் கூலிக்காரன் ஆனான். கூலியை வாங்கிப் பேணியில் போட்டான். இடைக்கிடை பெற்றோல் இஞ்சின்களை மண்ணெண்ணெயில் ஓடச் செய்து கொடுத்தும் கொஞ்சம் சேர்ந்தது. அந்த நாட்களில் வன்னியில் இஞ்சின் வைத்திருந்த எல்லாருக்கும் அந்த வித்தை தெரிந்திருந்ததால், மிகவும் கொஞ்சமே சேர்ந்தது.

அங்கேதான் ஒரு பிழை செய்தான். மற்றவர்களின் வயலில் கூலிக்காரர் எப்படி வேலை செய்வார்களோ அப்படி அவன் செய்யவில்லை. தகப்பன் நடந்த வரம்பு என்று பார்த்துப் பார்த்துக் கட்டினான். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு மட்டம் பண்ணினான். மாட்டெரு சுமந்து கொட்டினான். கோரைப்புல்லைக் கிழங்கோடு தோண்டி எடுத்தான். அடுத்த அறுவடையில் நெல் கூடியது. அதற்கடுத்ததில் இன்னும் கூடியது. நேசமலர் களத்தில் குவிந்திருந்த நெல்லைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "உன்ர கொப்பர் செய்யேக்கை இது இவ்வளவு விளையேல்லை" என்றாள். அவனுக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில், சைக்கிள் மிதிக்கும்போதுதான், மாமிக்கு இனி இந்த வயலைத் திருப்பித் தர மனம் வருமா என்ற யோசனை வந்தது. வந்த யோசனையை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

தொண்ணூற்றிரண்டு ஆடியில் போய்ச் சொன்னான். மீட்கப் போகிறவன் முன்கூட்டியே சொல்வதுதான் முறை.

"மாமி, ஆவணிக்குள்ள காசு முழுக்கத் தந்துவிடுவன்."

நேசமலர் வெற்றிலையைக் குதப்பியபடி அவனைப் பார்த்தாள். "ஓம், கொண்டு வா. நான் மாட்டனெண்டே சொல்லுவன்?"

ஆவணி நடுவில் பேணியை எண்ணிப் பார்த்தான். ஒரேயொரு நாள் கூலி குறைந்தது. அன்றைக்குப் பின்னேரம் நேசமலரே ஆள் அனுப்பினாள். நாளைக்கு வேலை இருக்கிறதாம், விடியவே வரட்டாம். பரமேஸ்வரனுக்கு இது கடவுள் கணக்குப் பார்த்துக் கொடுத்த நாள் போலத் தெரிந்தது.

வேலை புழுதி விதைப்பு. மழைக்கு முன்னரே காய்ந்த மண்ணில் நெல்லை எறிந்து, மேலாக உழுது மூடிவிடுவது. மழை விழுந்ததும் முளைக்கும். மற்றவர்கள் புரட்டாசியில்தான் தொடங்குவார்கள். அவன் கேட்கவில்லை. உழுவதற்கு மாயாண்டி மாடுகளோடு வந்திருந்தான். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்து இங்கேயே தங்கிவிட்டவன்.

பரமேஸ்வரன் ஈசானமூலையில் ஒரு பிடி நெல்லைப் போட்டுப் பிள்ளையாரைக் கும்பிட்டான். பிறகு கடகப் பெட்டியை இடுப்பில் அணைத்து நெல்லை எறியத் தொடங்கினான். கை நன்றாக வந்தது. அப்பரின் கை போலவே வந்தது என்று அவனுக்குத் தோன்றியது.

"சொந்த வயல்ல கூலிக்கு விதைக்கிற ஆள இப்பதான் பாக்கிறேன் தம்பி," என்றான் மாயாண்டி.

"கதையாமல் உழு அண்ணை. பொழுது போகுது."

பொழுது சாய நேசமலர் இருவருக்கும் கூலி கொடுத்தாள். வழக்கத்துக்கு மாறாகத் தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொடுத்தாள்.

அடுத்த நாள் காலை குளித்து, திருநீறு பூசி, பேணியோடு அவளுடைய முற்றத்தில் போய் நின்றான். "மாமி, காசு. ஒரு சதம் குறையேல்லை."

நேசமலர் பேணியை வாங்கவில்லை. "விதை விழுந்திட்டுதே தம்பி. இனி நெல்லு வெட்டு முடியத்தான்."

"ஆவணி இன்னும் முடியேல்லையே மாமி."

"ஆவணி முடியேல்லைத்தான். விதை விழுந்திட்டுது. ஆர் விதைச்சது?"

பதில் எல்லாருக்கும் தெரிந்ததாகவே இருந்தது. நேற்று முழுக்கக் கூலிக்காரனாக இருந்தவனுக்கு, காணிக்காரனாக யோசிக்க ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. வேலியோரம் மாட்டுக்கு வைக்கோல் வாங்க வந்து நின்ற மாயாண்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"இது உனக்கு நேற்றே தெரியுமே அண்ணை?"

"தெரியும் தம்பி," என்றான் மாயாண்டி. "ஆனா எனக்கும் நேத்துக் கூலி வேணுமே."

அதில் பிழை சொல்ல முடியவில்லை. பரமேஸ்வரன் பேணியின் மூடியைப் போட்டு இறுக்கினான்.

"சரி மாமி. முறையெண்டால் முறைதான். வெட்டு முடிய வாறன். அதுவரைக்கும் நான் வேலைக்கு வரேல்லை."

"எந்த வேலைக்கு?"

"ஒரு வேலைக்கும். களை பிடுங்க, தண்ணி கட்ட, வெட்ட. உங்கட ஆறு ஏக்கருக்கும்."

நேசமலர் வெற்றிலை மெல்வதை நிறுத்தினாள். புழுதி விதைப்பில் மழையோடு நெல்லும் களையும் சேர்ந்துதான் முளைக்கும். ஊரில் குனிந்து களை பிடுங்கக்கூடிய இளந்தாரிகள் எத்தனை பேர் மிஞ்சியிருந்தார்கள் என்று அவளுக்கும் தெரியும். கனடாவிலிருந்து இரண்டு பேரை வரம்புக்குக் கூப்பிடவும் முடியாது.

"மாயாண்டி, நீ பிடுங்குவியே?"

"எனக்கு மாடு இருக்கும்மா. மாட்டுக்குத்தான் களை பிடுங்கத் தெரியாது."

அவள் எழுந்து குசினிக்குள் போனாள். வெகுநேரம் பானை சட்டி உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள் கதிரையில் இருந்துகொண்டு வீதியைப் பார்த்துச் சொன்னாள்.

"சரி, வயலை எடு. விதைநெல் என்ரை. வெட்டுக்குள்ள ஒண்டுக்கு ஒண்டரையாத் தரவேணும்."

"தாறன்."

"என்ர மற்ற நாலு ஏக்கருக்கும் நீதான் வரவேணும். கூலி தருவன். என்ர வயலெண்டு போட்டுச் சும்மா கிள்ளிப்போட்டுப் போகப்படாது. உன்ரையைச் செய்தமாதிரிச் செய்யவேணும்."

"செய்யிறன்."

"உழவுகூலியை மாயாண்டிக்கு நேற்றுக் குடுத்திட்டன். அதையும் வெட்டோட சேர்த்துத் தா. விதைப்புக் கூலி உனக்குத் தந்தனான். அதை இப்பவே திருப்பித் தா. வயல் உன்ரையெண்டால் விதைப்பும் உன்ர செலவுதானே."

பரமேஸ்வரன் யோசித்துப் பார்த்தான். எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் அது சரியாகவே இருந்தது. மூடியைத் திறந்து ஒற்றிக் காசை எண்ணிக் கொடுத்தான். பேணி வெறுமையானது. விதைப்புக் கூலிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

"அதுக்கு ஒரு நாள் வந்து செய்து தாறன் மாமி."

"ஓம், வா. மாயாண்டி, நீ சாட்சி."

வீட்டில் இராசேஸ்வரி அடுப்பில் எதையும் வைக்காமல் காத்திருந்தாள்.

"மீட்டிட்டியே?"

"மீட்டிட்டன்."

"அப்ப கடன் முடிஞ்சுது."

"ஒரு நாள் கூலி மிச்சம் அம்மா. பிறகு விதைநெல்லும் உழவுகூலியும்."

"என்ன கூலி?"

"எங்கட வயலை நான் விதைச்சதுக்கு நான் குடுக்கவேண்டிய கூலி."

"கொழும்பில இதைத்தானோ படிப்பிச்சவங்கள்?" என்று இராசேஸ்வரி கேட்டுவிட்டு, உலையை வைத்து அரிசி கழுவப் போனாள்.

மழை ஐப்பசியில் விழுந்தது. நெல்லும் களையும் சேர்ந்தே முளைத்தன. பரமேஸ்வரன் முதல் நாள் நேசமலரின் வயலில் இறங்கி விதைப்புக் கூலிக்கான ஒரு நாளைக் களை பிடுங்கித் தீர்த்தான். அவள் வரம்பில் குடையோடு நின்று அவன் கிழங்கோடு பிடுங்குகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கிழங்கோடுதான் பிடுங்கினான். இரண்டு வரம்பு தள்ளி அவனுடைய வயலிலும் களை வளர்ந்துகொண்டிருந்தது. அதற்கு நாளைக்கு இறங்கலாம் என்று நினைத்தான். அந்த வேலைக்கு யாரும் கூலி தரப்போவதில்லை என்பதும் அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது.