பதினெட்டுப் பெண்கள், ஒரு டாய்லெட் கார்டு

மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்ய இரண்டு நல்ல கண்களும் ஒரு பெரிய மூத்திரப்பையும் வேண்டும். நேர்காணலில் கண்ணை மட்டும்தான் சோதிப்பார்கள்.

எனக்கு வயது இருபத்து நான்கு. வீடு மலேசியாவின் மெர்போக்கில், வேலை பக்கத்து ஊரான சுங்கைப் பட்டாணியில். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, நகத்தளவு சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ஆறு மாதம் ஒழுங்காக ஓட்டினால்தான் நிரந்தரமாக்குவார்கள். அந்த ஆறு மாதத்துக்குள் எனக்கு நான்கு முறை நீர்க்கடுப்பு வந்தது. வந்தவர்களுக்குத் தெரியும். போய் வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் மறுபடியும் போக வேண்டும். போனால் நாலே நாலு சொட்டு. அந்த நாலு சொட்டும் மிளகாய்த் தண்ணீர். நீங்களும் நம் கட்சி என்றால் பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீரை வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கொக்கியில் தொங்கும் அனுமதி

எங்கள் லைனில் பதினெட்டுப் பெண்கள். டாய்லெட்டுக்குப் போக ஒரே ஒரு பச்சைக் கார்டு. லைன் லீடர் லெட்சுமி அக்காவின் மேசைக்கு மேலே அது கொக்கியில் தொங்கும். கார்டை எடுத்தவள் பக்கத்துப் பலகையில் பெயரையும் நேரத்தையும் எழுதிவிட்டுப் போக வேண்டும். அவள் திரும்பி வந்து கார்டை மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். தூசி புகாத அறை என்பதால் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. அதைக் கழற்றி, போய், வந்து, மறுபடி மாட்டிக்கொண்டு உட்காரப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். மேலிடம் கொடுத்திருப்பதோ ஏழு நிமிடம். இந்தக் கணக்கைப் போட்டவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் வாரம் கார்டுக்காகக் காத்திருந்து நான் நெளிந்ததை லெட்சுமி அக்கா பார்த்துவிட்டார். நல்ல மனுஷி. புதிதாக வரும் பெண்களுக்கெல்லாம் சொல்லும் ரகசியத்தை என் காதிலும் போட்டார்:

"காலையில தண்ணி குடிக்காம வந்துரும்மா. மத்தியானம் வரைக்கும் கவலையே இல்லலா."

கவுண்டரில் ஓர் அறிவிப்பு

அக்கா சொன்னதை அப்படியே கேட்டேன். மூன்றாவது வாரம் நெருப்பு பற்றிக்கொண்டது. கம்பெனி அனுப்பும் கிளினிக்குக்குப் போனேன். சிறிய புட்டியில் பிடித்துக் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கவுண்டர் பெண் அந்தப் புட்டியைத் தூக்கிப் பிடித்து, "கென்சிங் கோத்தோர் யாரு?" என்று ஏலம் விடுகிறவளைப் போலக் கத்தினாள். மலாயில் இந்த நோய்க்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் அது. அழுக்கு மூத்திரம் என்று அர்த்தம். இருமல்காரனை அழுக்குத் தொண்டை என்று யாராவது கூப்பிடுகிறார்களா?

எழுந்து போய் மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பினேன். பக்கத்து நாற்காலி அம்மாள் தன் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். என் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், காலில் மெட்டி இருக்கிறதா என்று குனிந்தும் பார்த்தார்.

"கல்யாணம் ஆகலியா? அப்ப உனக்கு எப்படிம்மா இது வந்துச்சு?"

பங்கு போட்ட மாத்திரை

ஏழு நாள் மாத்திரை கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாளே எரிச்சல் நின்றுவிட்டது. பக்கத்து மைக்ராஸ்கோப் கஸ்தூரிக்கும் அதே அவதி, ஆனால் அந்தக் கவுண்டருக்கு நேராகப் போய் நிற்க அவளுக்கு மனமில்லை. எங்கள் லைனில் மாத்திரை என்பது மாங்காய் மாதிரி, ஒருத்திக்குக் கிடைத்தால் நாலு பேருக்குப் பங்கு. மீதி நாலு நாளைக்கு உள்ளதை அவளிடம் கொடுத்துவிட்டுப் பெரிய உபகாரம் செய்த நினைப்பில் இருந்தேன். இரண்டே வாரத்தில் இரண்டு பேருக்கும் மறுபடி வந்தது, முன்னைவிட மோசமாக. டாக்டர் என்னைத் திட்டியதில் நியாயம் இருந்தது. பாதியில் நிறுத்தினால் கிருமி சாகாதாம். கார்டுக்காகக் காத்திருந்தபோது கஸ்தூரியிடம் இதைச் சொன்னேன்.

"நீ மூணு நாள் சாப்பிட்ட, நான் நாலு நாள் சாப்பிட்டேன். ஏழு நாளையும் ஒழுங்கா முடிச்சது அந்தக் கிருமிதான்லா."

பலகை கிளப்பிய வதந்தி

மூன்றாவது முறை வந்தபோது ஒரே நாளில் பலகையில் என் பெயர் ஏழு தடவை. மத்தியானத்துக்குள் லைன் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது. கம்பெனி பஸ்ஸில் ஏறி அந்தச் செய்தி எனக்கு முன்னாலேயே மெர்போக்கில் இறங்கியது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா ஒரு தட்டு நிறையப் பப்பாளியை வெட்டி என் முன்னால் வைத்தார். பிள்ளைத்தாய்ச்சி பப்பாளியைத் தொடமாட்டாள் அல்லவா, அதுதான் சோதனை. வாயைத் திறந்து கேட்கவில்லை, நான் தின்கிறேனா என்று பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு துண்டு விடாமல் தின்றேன். அம்மாவின் முகம் தெளிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன்.

மறுவாரம் மனிதவளப் பிரிவில் கூப்பிட்டார்கள். அதிகாரி நம் தமிழ்ப் பெண்தான். கர்ப்பப் பரிசோதனை செய்துகொண்டு வந்தால்தான் வேலை நிரந்தரமாவதைப் பற்றிப் பேசலாம் என்றார். எனக்கு என்ன நோய் என்று கிளினிக் கொடுத்த தாள் அவர் மேசையிலேயே கிடந்தது. அதை எவரும் படிக்கவில்லை. வேலை வேண்டுமே, போய்ச் செய்துகொண்டு வந்தேன். இல்லை என்று வந்த முடிவை அவர் இரண்டு தடவை படித்தார்.

"சரி, அது இல்லன்னா அப்புறம் ஏன் இத்தன தடவ போறீங்க?"

நான்காவது முறை

அதற்குப் பிறகு பலகையில் என் பெயர் இரண்டு தடவைக்கு மேல் வரக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். அடக்கினேன். தண்ணீரைத் தொடவில்லை. நிரந்தரமாக இன்னும் மூன்றே வாரம் இருக்கும்போது, ஒரு காலையில் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. முதுகில் யாரோ கடப்பாரையை இறக்கியதைப் போல வலி, உடம்பெல்லாம் நடுக்கம். பெரியாஸ்பத்திரியில் நான்கு நாள் படுத்தேன். தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிட்டதாம். அங்கே இருந்த இளம் டாக்டரம்மா ஒருவர்தான் இது பெண்களுக்குச் சாதாரணமாக வருவது, அடக்குவதுதான் ஆபத்து என்று சொன்னவர். எந்த நேரமும் டாய்லெட்டுக்குப் போக என்னை விட வேண்டும் என்று கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

இரண்டாம் நாள் லெட்சுமி அக்கா ஒரு பெரிய பாட்டில் பார்லித் தண்ணீரோடு வந்தார். ஊற்றிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் பதினோரு வருஷமா இது இருக்கும்மா. தண்ணி குடிக்காம வர்றத நான் அப்படித்தான் கத்துக்கிட்டேன்."

எட்டுக் கடிதம்

என் கடிதத்தைப் படித்த சூப்பர்வைசர், ஆளுக்கொரு கடிதம் கொண்டுவந்தால் தொழிற்சாலையை மூட வேண்டியதுதான் என்று சிரித்தார். அவர் வாய் முகூர்த்தம், இரண்டு வாரத்தில் எட்டுப் பெண்கள் கடிதம் கொண்டுவந்தார்கள். கஸ்தூரியும் அந்தக் கவுண்டரில் போய் நின்றாள். அந்த எட்டில் முதல் கடிதம் லெட்சுமி அக்காவுடையது. மேலிடம் பதறிப்போய் உடனே நடவடிக்கை எடுத்தது. குடிதண்ணீரைப் புட்டியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று முடிவு வந்தது. பெண்கள் சுத்தமாக இருக்கவேண்டும் என்று டாய்லெட் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டு விஷயத்தை முடித்துக்கொண்டார்கள்.

அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வந்த லெட்சுமி அக்கா நேராகத் தன் மேசைக்குப் போனார். கொக்கியிலிருந்து கார்டை எடுத்துத் தன் உடுப்புக்குள் போட்டுக்கொண்டார். பலகையை அழித்தார். பிடிபட்டால் அவர் வேலை போய்விடும், வீட்டில் அவர் சம்பளம் மட்டும்தான். அன்று முதல் நாங்கள் யாரையும் கேட்காமல் போகிறோம், வருகிறோம், தண்ணீர் குடிக்கிறோம். நான் நிரந்தரமும் ஆகிவிட்டேன். அன்றைக்கு அக்கா லைனைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்:

"போகணும்னா எழுந்திருச்சுப் போங்கடி. எவனாச்சும் கேட்டா, கார்டு காணாம போச்சு, நான் தேடிக்கிட்டு இருக்கேன்னு சொல்லிக்கிறேன்."

ஒரு பெண்ணுக்கு வந்தால் அவள் ஒழுக்கத்தைச் சோதிக்கிறார்கள், எட்டுப் பெண்களுக்கு வந்தால் தண்ணீரைச் சோதிக்கிறார்கள், பதினெட்டுப் பேருக்கு ஒரு கார்டு என்று கணக்குப் போட்ட அந்த மூளையை மட்டும் இன்றுவரை எந்த ஆய்வகத்துக்கும் அனுப்பவில்லை.